மொய் நோட்டும் ஐ-130 படிவமும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் வேறு நாட்டவரை மணந்து, அந்தத் துணையைத் தம்மோடு வாழ அழைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் நிரப்ப வேண்டியது ஐ-130 என்னும் படிவம். பெயர், முகவரி, பிறந்த தேதி என்று படிவம் கேட்பதையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். அதோடு வைக்கவேண்டிய இணைப்புகள்தான் ஆளை அலைய வைக்கின்றன. திருமணம் நடந்தது என்று காட்டினால் போதாது, அது மெய்யான திருமணம் என்றும் காட்ட வேண்டும். முன்னதற்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தவணை. பின்னதைப் பதிந்து முத்திரை குத்தித் தரும் சார்பதிவாளர் உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதற்குரிய தலைசிறந்த ஆவணம் மதுரை, தேனி, புதுக்கோட்டை வட்டார வீடுகளின் பீரோக்களில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது என்பதும், அதை அங்கேயே விட்டுவிட்டுக் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்பதும்தான் இக்கட்டுரை நிறுவ முயல்வது. அந்த ஆவணம் மொய் நோட்டு.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1975-இல் பார்க் என்பவரின் வழக்கில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது: மணம் முடித்த வேளையில் இருவரும் சேர்ந்து வாழ எண்ணியிருந்தார்களா? பிற்பாடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்பதனால் மட்டும் கல்யாணம் பொய்யாகிவிடாது. எண்ணம் மனத்துக்குள் இருப்பது, ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது. ஆகவே வெளியில் தெரியும் சிலவற்றை விதிமுறை எடுத்துச் சொல்கிறது: இருவர் பெயரிலும் உள்ள சொத்து, இருவர் பெயரிலும் எழுதிய வாடகை ஒப்பந்தம், ஒன்றாகக் கலந்த பணவரவு செலவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, விவரம் அறிந்த மூன்றாம் மனிதரின் பிரமாண வாக்குமூலம், இவை போன்ற பிற. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது பணமும் சாட்சியும்தான். அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று அமெரிக்காவைக் கோபிப்பதில் நியாயமில்லை. சொன்ன சொல் தவறுவோர் பெருகிய பிறகே திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியலே காரணம் காட்டுகிறது. கள்ளக் கல்யாணத்துக்கு எதிரான நடவடிக்கையாகவே சடங்கு பிறந்தது என்று தமிழிலக்கணம் ஒப்புக்கொண்டபின், வாஷிங்டனைக் குறைசொல்ல நாம் யார்? அங்கும் கதை அதேதான். போரில் பணிபுரிந்தவர்களின் மனைவி, கணவர்களை விரைந்து உள்ளே விட 1945-இல் ஒரு சட்டம் வந்தது. அதை வைத்துச் சிலர் பாரிசில் பெயருக்குக் கல்யாணம் செய்து உறவினர்களை அழைத்து வந்தார்கள். லுட்வாக் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிரெஞ்சுச் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பது தங்களுக்கு வேண்டாத கேள்வி, சேர்ந்து வாழும் எண்ணமே இல்லையே என்று 1953-இல் தண்டனையை உறுதி செய்தார்கள். 1986-இல் திருமண மோசடித் திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி, கல்யாணமாகி 2 ஆண்டு நிறையாமல் போய் இறங்குபவருக்கு நிபந்தனைக்குட்பட்ட குடியிருப்பு உரிமைதான். அந்த உரிமை பெற்று 2 ஆண்டு முடியும் தறுவாயில், கடைசி 90 நாளுக்குள், இருவரும் சேர்ந்து ஐ-751 படிவத்தைப் போட்டு, நாங்கள் இன்னும் கணவன் மனைவிதான் என்று மறுபடி மெய்ப்பிக்க வேண்டும்.

இத்தனை கண்டிப்பான வாசகருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுப்பது ஆல்பம். இப்போதைய தமிழ்க் கல்யாண ஆல்பம் பத்துக் கிலோவுக்குக் குறைவில்லாத கனம், மேலட்டையில் வெல்வெட். மூன்றாம் பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் நிற்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் பனிமலைக்கு மேலே இதய வடிவ மேகத்துக்குள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டினால் சுவிட்சர்லாந்து முத்திரையைக் காணோம். இணைப்பின் உண்மையை எடைபோட உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஆல்ப்ஸ் மலையைக் காட்டுவதைவிடப் பெரிய அசட்டுத்தனம் உண்டா? தவிர, கல்யாணப் புகைப்படம் என்பதே இருவரும் ஒரு நாள் ஓரிடத்தில் நின்றார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கனடாக்காரர்கள் விவரமானவர்கள். அவர்களுடைய மணத்துணை விண்ணப்பச் சரிபார்ப்புப் பட்டியல் இருபது படத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது.

இனி மொய் நோட்டைத் திறப்போம். நீள வாட்டில் கட்டிய கணக்கு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. மண்டப வாசலில் ஒரு மேசை. ஒருவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போட, இன்னொருவர் எழுதுகிறார். முதல் வரி பெரும்பாலும் தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகு ஊர், பெயர், தொகை: வாடிப்பட்டி, பால்காரர் மகன் செல்வம், 501. தொகையின் வால் எப்போதும் ஒன்றில்தான் முடியும். மதுரைப் பக்கம் இப்போது கணினி மொய் வந்துவிட்டது, பணம் கொடுத்த கையோடு ரசீது வருகிறது. ஆய்வு நோக்கில் இந்த நோட்டின் சிறப்பு, எழுதப்பட்ட முறையில் இருக்கிறது. நிகழ்ச்சி நடக்கும்போதே, நடக்கும் இடத்திலேயே எழுதியது. விசா நேர்காணலை மனத்தில் வைத்து எழுதியதல்ல. அதைவிட முக்கியம், ஒவ்வொரு வரியும் கல்யாண வீட்டாருக்கு எதிரான வரி. இன்று வரவாக எழுதும் 501, நாளை செல்வம் வீட்டுக் காதுகுத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டிய கடன். தன் பணத்துக்குப் பாதகமாக ஒருவர் சொல்லிவைத்ததற்கு 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தனி மதிப்புக் கொடுத்திருந்தது. யாரும் வேலை மெனக்கெட்டுத் தன் தலையில் பொய்க் கடனை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதே அதன் அடிப்படை. அப்படிப் பார்த்தால் முந்நூறு பேர் பெயர் எழுதிய மொய் நோட்டு, ஒரே நாளில் பதிவான முந்நூறு பாதக வாக்குமூலங்கள்.

நிகழ்ச்சி நடந்தது என்பதற்குத்தானே இது சான்று, சேர்ந்து வாழும் எண்ணத்துக்கு எப்படி என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர் மொய் திருப்பியவரல்லர். அந்தக் கடன் அடைய இருபது, முப்பது ஆண்டு பிடிக்கும். அதுவரை புதுமணத் தம்பதி இருவருமாகத்தான் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் போய் வரவேண்டும். பழைய நோட்டைப் புரட்டி, அவர் எவ்வளவு எழுதினார், இப்போது எவ்வளவு கூட்டி எழுதுவது என்று இருவருமாகத்தான் சண்டை போட வேண்டும். பணம் கலந்த வாழ்க்கைக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அமெரிக்க அரசுக்கும் இது புரியாத விஷயமல்ல. துணையை அழைப்பவர் ஐ-864 என்ற ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். வறுமைக்கோட்டு அளவைப்போல் 125 விழுக்காடாவது வருமானம் காட்டி, அந்த அளவுக்குக் குறையாமல் துணையைத் தாங்குவேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். வந்தவர் குடியுரிமை பெற்றாலோ, அவர் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேர்ந்தாலோ, நாட்டைவிட்டே போய்விட்டாலோ, யாராவது ஒருவர் இறந்தாலோதான் அந்தப் பொறுப்பு தீரும். விவாகரத்தானாலும் தீராது. மொய்யின் சட்டமும் அட்சரம் பிசகாமல் இதுவே. சம்பந்தி வீட்டாரோடு பேச்சுவார்த்தை நின்று போனாலும் எழுதிய 1001-ஐத் திருப்பித்தான் ஆகவேண்டும்.

நோட்டையே பொய்யாகத் தயாரித்தால்? முடியும், ஒரே இரவில் எழுதிவிடலாம். ஆனால் பொய்யன் எழுதிய நோட்டில் கூட்டல் சரியாக இருக்கும். மெய்யான மொய் நோட்டின் கூட்டுத்தொகை பையில் இருக்கும் பணத்தோடு ஒத்துப்போனதாக வரலாறில்லை. அந்த வித்தியாசத்துக்கு யார் காரணம் என்பது அந்தக் குடும்பத்தில் இன்னும் தீராமல் இருக்கும். அதை நேர்காணலுக்கே பயன்படுத்தலாம். சந்தேகம் வந்தால் கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பது அங்கே வழக்கம். நியூயார்க்கில் 1970-களில் நடந்த ஒரு வழக்கின் பெயரால் அதை ஸ்டோக்ஸ் நேர்காணல் என்பார்கள். பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம், கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்கிறார்களாம். இது தப்பான கேள்வி. கள்ள ஜோடி பிரஷ்ஷின் நிறத்தை மனப்பாடம் செய்துவிட்டு வரும். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய கணவனுக்குத் தன் பிரஷ்ஷே எது என்று தெரியாது. மாறாக, மாப்பிள்ளையின் பெரியப்பா வெறும் 101 எழுதினாரே, அது எதனால் என்று இரண்டு அறையிலும் கேட்டுப் பார்க்கட்டும். மெய்யான மனைவி கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசுவாள். மெய்யான கணவன் பேச்சை மாற்றுவான்.

மொய்யே வாங்காத திருமணங்களை என்ன செய்வது என்ற மறுப்புக்கு மட்டும் இக்கட்டுரையிடம் முழு விடை இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு பதிவு அலுவலகத்தில் மணந்த காதலர்களுக்கு நோட்டும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. ஒரே வீட்டில் இருக்க விசா வேண்டும், விசாவுக்கு ஒரே வீட்டு மின்கட்டண ரசீது வேண்டும் என்ற வட்டத்துக்குள் அவர்கள் வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்துக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்பே அழைக்கும் கே-1 விசாவுக்கு வேறொரு விசித்திரம் உண்டு. இருவரும் கடந்த 2 ஆண்டுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஆனால் பெற்றோர் பார்த்து முடிக்கும், மணநாள் வரை முகம் பார்க்கக்கூடாத வழக்கமுள்ள சமூகம் என்றால் விலக்குக் கேட்கலாம். சந்தித்ததற்குப் படம் காட்டலாம். சந்திக்கவில்லை என்பதற்கு எதைக் காட்டுவார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியிருப்பது மொழிபெயர்ப்புச் சிக்கல். ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்தையும் முழுமையாக மொழிபெயர்த்து, இது முழுமையானது, பிழையற்றது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் சான்றளித்து வைக்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே நம் பெயர்கள் அந்த அலுவலகங்களுக்குப் போதுமான சோதனை. தலைப்பெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பப்பெயர் இல்லாமல் வாழ்ந்தவர், விசாவில் முதற்பெயர் அறியப்படாதவர் ஆகிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பின் தலைப்பெழுத்தே அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறிவிட, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் போட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் கண்ணாடிக்கடை மச்சான் என்று மட்டும் எழுதிய வரியை மொழிபெயர்ப்பவர் பாடு சொல்லி முடியாது. அது பெயரா, தொழிலா, உறவுமுறையா என்று அடிக்குறிப்புப் போட வேண்டிவரும். முழுமையாக என்று விதி சொல்வதால் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் விடமுடியாது. எல்லா மொய் நோட்டிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: பெயர் எழுதாத கவர், உள்ளே ஒன்றும் இல்லை. அந்த ஆசாமி வந்திருக்கிறார், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டிருக்கிறார், ஆகவே திருமணத்துக்கு நேரடிச் சாட்சி. தம்பதிக்குக் கடன்பட்டவரோ கடன் கொடுத்தவரோ அல்லர் என்பதால், முந்நூறு பேரில் எந்தச் சார்பும் இல்லாத ஒரே சாட்சியும் அவர்தான். அவரைத் தேடிப் பிடித்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும்.