முதல் பீஸ்

ஆணியிலிருந்து ஆவடியில் தயாராகும் யுத்த டாங்கி வரை சகல வஸ்துக்களும் யந்திரங்களால் உற்பத்தியாகிக் குவிந்து கொண்டிருக்கும் ஒரு பிரதேசத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்கு வேண்டிய ஒரு முக்காலியை நானே உளி பிடித்துத்தான் செய்வேன் என்று ஒருவன் பிடிவாதம் பிடிப்பானாகில், அவனைப்பற்றி அண்டை அயலார் என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நான் ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை; சுவருக்கு அந்தப்புறம் அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.

இத்தனைக்கும் நான் யந்திரங்களின் உப்பைத் தின்று வளர்ந்தவன். திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். மகளைக் கும்மிடிப்பூண்டியில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு அங்கே சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் உத்தியோகம். இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள்தாம் என்றாலும், ரயிலே கதி என்று இருப்பவன் திருவள்ளூரில் ஏறிச் சென்னைக்கே போய், அங்கே வண்டி மாறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று மறுபடியும் வடக்கே பிரயாணம் செய்தாக வேண்டும். அந்த நெடும் பிரயாணத்தில் சும்மா இருக்க மாட்டாமல் நான் ஒரு துண்டு வேப்பமரத்தையும் பேனாக்கத்தியையும் எடுத்து ஏதேனும் சீவத் தொடங்குவதுண்டு. கத்தியைக் கண்டதும் பக்கத்தில் இருப்பவர்கள் சற்றே நகர்ந்து உட்காருவார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தாராளமாக உட்கார இடம் கிடைப்பது எத்தனை துர்லபம் என்பதை அறிந்தவர்கள், கைத்தொழிலின் லௌகிகப் பிரயோஜனத்தை இதிலிருந்தே ஒப்புக்கொள்வார்கள்.

இந்தப் பித்து என்னை எப்போது பற்றியது என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. பனங்காய் வண்டி உருட்டாத பையன் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கிடையாது. மற்றவர்களுக்கு உருட்டுவதில் ஆனந்தம், எனக்கோ கவைக்கம்பு தேடுவதிலும், இரண்டு காய்களுக்கும் நடுவே அச்சுக் குச்சியைக் கோணாமல் செருகுவதிலுமே ஆனந்தம். செருகி முடித்த வண்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் காய் பொறுக்கப் போய்விடுவேன். பிற்பாடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தபோது, எங்களை வரவேற்று ஆளுக்கோர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கையில் கொடுத்து, "ஆறு பக்கமும் மட்டமா ராவுங்கடா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது வகுப்பில் பாதிப் பேருக்கு உள்ளங்கையில் கொப்புளம். மீதிப் பேருக்கு வாழ்க்கையில் விரக்தி.

அரத்தை முன்னே தள்ளுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனியை அழுத்தும் இடக்கைக்கு வலிமை அதிகம் வேண்டும். நடுவழியில் இரண்டு கையும் சரிபாதி. முடிவில் பிடியைப் பற்றிய வலக்கையே பிரதானம். இந்த அதிகார மாற்றம் ஒவ்வொரு வீச்சிலும், நினையாமலே, சண்டை சச்சரவின்றி நடைபெற வேண்டும். நடைபெறாவிட்டால் அரம் ஊஞ்சலாடி, இரண்டு ஓரங்களையும் தின்று, இரும்பை முதலை முதுகாக்கிவிடும். அரத்தின் பற்களிலே துகள் அடைத்துக்கொண்டு கீறல் விழாமல் இருக்கச் சாக்கட்டி தடவிக்கொள்ள வேண்டும். அடைத்தால் கம்பி பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பிறகு மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், இடுக்கில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு சிரிக்கும். "வெளிச்சம் தெரியுதா?" என்பார் வாத்தியார். தெரிகிறது என்றால் மறுபடி ராவ வேண்டும். தெரியவில்லை என்றால் அவரே வாங்கிப் பார்ப்பார், அவருக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் சிகரமாக, டூல் ரூமில் சேர்ந்த பிறகு நான் கற்றுக்கொண்டது சுரண்டும் வேலை. சுரண்டல் என்றதும் வாசகர்கள் அரசியல் என்று அஞ்ச வேண்டாம். மட்டப் பலகை என்று கொள்ளத்தக்க ஓர் இரும்புப் பலகைமீது நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, சோதிக்க வேண்டிய பரப்பை அதன்மேல் வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் மாத்திரம் நீலம் ஒட்டும். அந்த நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மீண்டும் தேய்த்து, மீண்டும் சுரண்டி, நாள்பட நாள்படப் புள்ளிகள் பரப்பெங்கும் நெருக்கமாகவும் சீராகவும் விழும்படி செய்ய வேண்டும். கண்ணுக்குத் தென்படாத மேட்டை விரல்நுனி சொல்லிவிடும். ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பதைப் புதிதாக வந்த அப்ரென்டிஸ்கள் பிரார்த்தனை என்று எண்ணினார்கள்.

அப்படியானால் அந்த மட்டப் பலகையை மட்டமாக்கியது யார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்தக் கேள்விக்குச் சரியான விடையை இங்கிலாந்து தேசத்து ஜோசப் விட்வொர்த் என்பவர் 1840இல் கிளாஸ்கோ நகரத்தில் கூடிய விஞ்ஞான சபையில் எடுத்துரைத்தார். பலகை இரண்டானால் ஒன்றோடொன்று தேய்த்து ஒத்துப்போகச் செய்துவிடலாம். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் இருந்தாலும் அவை ஒத்துப்போகத்தான் செய்யும். புருஷனும் பெண்சாதியும் ஒருமனதாயிருப்பதைக் கண்டு இருவரும் நேரானவர்கள் என்று முடிவு கட்டிவிட முடியாதல்லவா? மூன்றாவதாக ஒரு மாமியார் வந்து இருவரோடும் தனித்தனியே உரசிப் பார்த்தால்தான் மேடு எது, பள்ளம் எது என்று விளங்கும். அவ்வாறே மூன்று பலகைகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சோதித்துச் சுரண்டினால், மூன்றும் ஏககாலத்தில் மட்டமாவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியே இல்லை. இப்படிக் கையால் சுரண்டிப் பெற்ற மட்டத்தை ஆதாரமாகக்கொண்டே லேத்துகளும், அந்த லேத்துகளைக்கொண்டு வேறு யந்திரங்களும், அவற்றைக்கொண்டு காக்களூரும் கும்மிடிப்பூண்டியும் உண்டாயின. ஆகவே, தம் ஆலையில் எதையும் கை தொடுவதில்லை என்று மாப்பிள்ளை பெருமையோடு சொல்லும்போதெல்லாம் நான் மரியாதைக்காக மௌனமாயிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் வேறு எப்படி இருப்பது?

வீட்டிலே என் கைத்திறனுக்கு இத்தகைய சரித்திர கௌரவம் எதுவும் கிடைப்பதில்லை. "ஏங்க, தேரடிக் கடையில பிளாஸ்டிக் ஸ்டூல் ஆளுயரத்துக்கு அடுக்கி வச்சிருக்கான். அதுல உக்காந்தா பூமி உள்வாங்கிடுமா?" என்று என் சம்சாரம் கேட்கிறாள். அவள் கணக்கில் தவறில்லை. மரத்தின் விலை, எண்ணெய், உப்புத்தாள் இவற்றோடு, நான் கொல்லைப்புறத்தில் கழித்த நேரத்துக்குக் கூலியும் போட்டால், அந்த முக்காலியின் மதிப்பில் ஒரு கட்டிலே வாங்கலாம். முக்காலியின் பட்சத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றே: மூன்று கால் உள்ள ஆசனம் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. எங்கள் வீட்டுத் தரையைப் போட்ட கொத்தனாரின் திறமையை அறிந்தவர்கள் இதை அற்ப விஷயமாகக் கருத மாட்டார்கள்.

விசித்திரம் என்னவென்றால், பொருள் நன்றாயிருப்பதாகத் தோன்றுவது அதைச் செய்தவன் யார் என்று தெரியாதவரைக்கும்தான். பலா மரத்தில் நான் கடைந்து, பித்தளை அச்சுத் தகட்டை நானே துளையிட்டு ராவிய முறுக்கு நாழி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. தீபாவளிக்கு வந்த உறவுக்கார அம்மாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு வழுவழுன்னு இருக்கு! எங்க வாங்கினீங்க?" என்றார். நான்தான் செய்தேன் என்று சொன்னவுடன் அவர் முகத்தில் இருந்த வியப்பு மறைந்து, அந்த ஸ்தானத்தில் ஆழ்ந்த அனுதாபம் வந்து அமர்ந்தது. "அதுக்கென்னங்க, ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகணுமில்ல" என்று ஆறுதல் கூறினார். அதோடு விட்டாரா? "எனக்கும் ஒண்ணு, எங்க நாத்தனாருக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்றார்.

இங்கேதான் நான் உலகத்தாரோடு மாறுபடுகிறேன். ஃபாக்டரியில் ஒரு புது வேலை தொடங்கும்போது, ஆரம்பத்தில் வரும் உருப்படியை முதல் பீஸ் என்று தனியே எடுத்து, வெர்னியரும் மைக்ரோமீட்டருமாகத் தலைமுதல் கால்வரை அளந்து, கையெழுத்துப் போட்ட பிறகே மற்றவற்றை ஓட விடுவார்கள். யோசனை, பயம், வாக்குவாதம், வியர்வை எல்லாம் அந்த முதல் பீஸிலேயே செலவாகிவிடும். அதற்குப் பின்னால் வரும் பத்தாயிரம் பீஸுகளுக்கு ஓர் ஆபரேட்டரின் கொட்டாவியே போதுமானது. கையால் செய்கிறவன் ஆயுள் முழுதும் முதல் பீஸ் மட்டுமே செய்துகொண்டிருப்பவன். இரண்டாவது நாழி கேட்டால் அது வேலை. வேலையைச் செய்யத்தான் யந்திரங்கள் இருக்கின்றனவே! அவற்றின்மேல் எனக்கு எள்ளளவும் துவேஷம் கிடையாது. பத்தாயிரம் போல்ட்டுகளைக் கையால் ராவச் சொல்வது தண்டனையே தவிரக் கலையாகாது.

எங்கள் மாவட்டத்தின் தொழில் வளத்தைப் பிரஸ்தாபிப்பவர்கள் ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி உருவானதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கும் பின்னால் போக அவர்களுக்குச் சிரத்தை இருப்பதில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சகாவோடு அத்திரம்பாக்கத்துக்கு வந்து அதே மாதிரிக் கருவிகளைக் கண்டார். நம் காலத்தில் சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய குழுவினரும் அங்கே பொறுமையாகத் தோண்டிச் சோதித்து, அவற்றில் பழமையானவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டார்கள். அதாவது, இந்த ஜில்லாவில் தொழிற்பேட்டை ஏற்பட்டது நாம் மனிதர்கள் ஆவதற்கும் முன்னால்.

பூண்டியிலுள்ள தொல்லியல் காட்சிக்கூடத்துக்கு நான் அடிக்கடி போவதுண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கைக்கோடரிக்குப் பிடி கிடையாது, உள்ளங்கையே பிடி. கெட்டியான படிகப் பாறைக் கல்லை எடுத்து, வேறு கல்லால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டிச் சில்லுப் பெயர்த்து, நுனி கூராகவும் இரு ஓரமும் ஒன்றையொன்று ஒத்தும் வரும்படி அதைச் செய்தவன் செதுக்கியிருக்கிறான். மாமிசத்தை அறுக்க இத்தனை இலட்சணம் தேவையில்லை. கோணலான கல்லும் மானை அறுக்கும். அப்படியிருந்தும் அவன் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு சில்லைப் பெயர்த்திருக்கிறான். பக்கத்துக் குகையில் அவனைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை என்னால் யூகிக்க முடிகிறது. மாடல் மாத்திரம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் மாற்றவே இல்லை. இந்த விஷயத்தில் இன்றைய மோட்டார் கம்பெனிகள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை மறைக்கலாகாது. கைவேலையின் மகிமையைப்பற்றி விஸ்தாரமாகப் பேசுவது, அதனால் சோறு உண்ண வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவனுக்கே எளிது. இதே மாவட்டத்துப் பழவேற்காட்டில் பெண்கள் பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, கிழித்து, சாயமேற்றி, பெட்டியும் கூடையுமாகப் பின்னுகிறார்கள்; டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த அந்த ஊரில் இன்று கோட்டை போய்விட்டது, ஓலைப்பெட்டி இருக்கிறது. அவர்களிடம் போய், "அம்மா, உங்களுக்கு இதில் எவ்வளவு பேரானந்தம்!" என்று சொன்னால், பெட்டிக்கு என்ன விலை தருவாய் என்று கேட்பார்கள்; கேட்பது நியாயம். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரரும் அப்படியே கேட்பார். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் கழிக்கலாமே என்று ராஜாஜி 1953இல் ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்ததும், 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டதும் தெரிந்த கதை. உளியை விரும்பி எடுக்கிறவனுக்கும், பாட்டன் எடுத்தான் என்பதற்காக எடுக்க வேண்டியவனுக்கும் ஒரே கூலி ஆகாது. என் பேரன் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறான், போகட்டும். லீவில் வரும்போது அவனுக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு வைஸ் காத்திருக்கிறது, அவ்வளவே.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளையும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு இடுகிறோம். மிக்ஸிக்குப் பெரிய பொட்டு, என் இழைப்புளிக்குச் சின்னப் பொட்டு என்பது என் சம்சாரத்தின் சம்பிரதாயம். எல்லாக் கருவிகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. சமீபத்தில் மாப்பிள்ளை என்னைத் தம் ஆலையின் உலைக்கூடத்தருகே அழைத்துப்போய், உருக்குவதற்காக லாரியிலிருந்து கொட்டிய பழைய இரும்பு மலையைக் காட்டினார். சைக்கிள் சட்டமும் கட்டில் காலும் தகரமும் கலந்த அந்தக் குவியலில் ஒரு நல்ல அரை வட்ட அரமும், யாரோ ஒரு தச்சர் பல வருஷம் தீட்டித் தீட்டிப் பாதியாக்கிய இழைப்புளி அலகும் கிடந்தன. எடுக்கக் கை நீட்டினேன். "மாமா, தொடாதீங்க, சேஃப்டி ரூல்" என்றார் மாப்பிள்ளை. மறுநாள் அவை கட்டடக் கம்பியாகியிருக்கும்.

ஆதலால் திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரையிலுள்ள மகாஜனங்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால், வீட்டைக் காலி செய்து பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுவதற்கு முன் தாத்தாவின் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்து, அரம், உளி, இழைப்புளி என்று எது அகப்பட்டாலும் எடுத்துத் தனியே வையுங்கள். துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். பிடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம், நான் கடைந்து தருகிறேன், ஆளுக்கு ஒன்றுதான்.