போதகருக்கு ஒரு நாள் லீவு

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த போதகருக்குத் திருச்சியில் ஒரு நாள் ஓய்வு. எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: மலைக்கோட்டையில் நானூற்றுச் சொச்சம் படி ஏற்றிவிட்டு அதை ஓய்வு என்று சொல்லாதீர்கள், பாவம்! ஸ்ரீரங்கம் போங்கள். 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை வாசலில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம். மூலஸ்தானத்தில் மற்ற மதத்தாருக்கு அனுமதியில்லை; கால்களுக்கு லாபம்.

சாயங்காலம் புனித யோவான் ஆலயம். அங்கேதான் பிஷப் ஹீபரின் கல்லறை. ஆமாம், திருச்சியின் பிஷப் ஹீபர் கல்லூரிக்குப் பெயர் தந்தவரேதான். கல்கத்தாவிலிருந்து சுற்றுப்பயணம் வந்த மனிதர், 1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தினார். திருச்சி வெயில் தாங்காமல் குளிர்ந்த நீரில் குளிக்க இறங்கினார். உயிரோடு கரையேறவில்லை. வயது 42.

உங்கள் விருந்தினருக்கு ஓட்டலில் நீச்சல்குளம் வேண்டாம். ஒரு வாளி, ஒரு மக் போதும்.