அரவை முடியட்டும்!

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும்போது, ஏதாவது ஒரு டிராக்டர் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். சொந்த வண்டி, சொந்த டிரெய்லர். முதலாளியும் அவரே, கூலியாளும் அவரே. பி.எஃப். பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"வயசான காலத்துக்கு ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களாண்ணே?"

"அரவை முடியட்டும் தம்பி, போட்டுடலாம்."

அரவை முடிந்தால் டயர் மாற்ற வேண்டும். டயர் மாற்றினால் மச்சான் வீட்டுக் காதுகுத்து. மொய் எழுதிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த அரவை.

கணக்குத் தெரியாதவர் இல்லை. எதிர்வீட்டு வாத்தியாருக்கு எவ்வளவு பென்ஷன், அகவிலைப்படி எப்போது ஏறியது, எல்லாம் பைசா சுத்தமாகச் சொல்வார். இஞ்சினில் சின்னச் சத்தம் கேட்டாலும் மெக்கானிக்கிடம் ஓடுவார். தன் முட்டி 'கறக் கறக்' என்றால் மட்டும், "பனிக்காத்து!"

2015-ல் அடல் பென்ஷன் திட்டம் வந்தபோது அவருக்கு 28 வயது. மாதம் 485 ரூபாய் கட்டியிருந்தால் 60-க்கு மேல் மாதம் 5,000 நிச்சயம். அரவை முடியவில்லை. 40 வயதைத் தாண்டினால் சேர முடியாது என்று மனைவி முறைத்த பிறகுதான், 39-ல் வங்கிக்கு வந்தார்.

வருமான வரி கட்டுகிறவர்களை 2022 அக்டோபர் முதல் சேர்ப்பதில்லை என்றார் அலுவலர். தன் வருமானத்தை நினைத்து நம்மவர் மகிழ்ந்தது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

"மாசம் 1,318 ரூபாய்."

பின்னால் நின்றவன் அவர் வண்டிக்கு லோடு ஏற்றும் பையன். வயது 18. அவனுக்கு 210.

"ஒரே பென்ஷனுக்கு ரெண்டு வெலையா சார்?"

"அவன் 42 வருஷம் கட்டணும். மொத்தம் 1,05,840. நீங்க 21 வருஷந்தான். ஆனா 3,32,136."

அப்பாவி முகத்தோடு பையன் சொன்னான்: "வட்டிண்ணே."

"மாசாமாசம் எனக்குக் காசு வராதே சார். ஆலைக்காரன் குடுத்தாத்தான்."

"ஆறு மாசத்துக்கு ஒருதடவையும் கட்டலாம்."

சாக்கு தீர்ந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"60 முடிஞ்சதும் பென்ஷன் எந்த மாசம் வரும் சார்?"

"நீங்க பொறந்தது ஜனவரி. அதை ஒட்டித்தான்."

"தையிலயா?" முகம் வாடிவிட்டது. "அப்ப அரவை நேரமாச்சே சார். வாங்க எப்படி வர்றது?"