ரேமுக்கு வந்த ராஜயோகம்

கேள்வி: மகனுக்கு கேமிங் கணினி பொருத்தித் தர வேண்டும். ரேம் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?
– வாசகர், ஸ்கூடாய்

பதில்: காத்திருந்தால் பேரனுக்குத்தான் பொருத்துவீர்கள்! கூலாயில் ஒய்டிஎல், என்விடியாவோடு சேர்ந்து எழுப்பியது போன்ற ஏஐ தரவு மையங்கள் உலகெங்கும் நினைவகச் சில்லுகளை வாரி விழுங்குகின்றன. நம் மூவாரில் ஆலை வைத்திருக்கும் மைக்ரானே, அந்தக் கிராக்கியைக் காரணம் காட்டி, ‘குரூஷியல்’ ரேம் பிராண்டின் சில்லறை வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆகவே இப்போதைக்கு 8 ஜிபி வீதம் இரண்டு போதும். மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டிலும் நல்ல பவர் சப்ளையிலும் போடுங்கள். பின்னாளில் 16 ஜிபி பற்றாதே என்பீர்கள். ரேமை மாற்ற ஐந்து நிமிடம். மட்டமான பவர் சப்ளை புகைந்தால் மற்றதும் கூடவே போகலாம். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் வாங்கினால்? அங்கே 9 சதவீத ஜிஎஸ்டி. காஸ்வே வழியாகத் திரும்புகிறவருக்கு அது திரும்பாது.