வியூகத் திட்டக் குழுவுக்கு ஒரு கடைமடைக்காரனின் கடிதம்

பெறுநர்:
வியூகத் திட்டக் குழு (2025–2030),
புவியியல் மற்றும் நீடித்த வளர்ச்சித் துறை.

பொருள்: தாமிரபரணிக்குத் தெரியாமல் தாமிரபரணிக் கரையில் திட்டம் தீட்டியமைக்குப் பாராட்டு – தொடர்பாக.

பார்வை: தங்கள் வரைவுத் திட்டம், வழவழத் தாள், வண்ண அச்சு.

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தாங்கள் தந்த வரைவின் முதல் பக்கத்தில் ஒரு பெயரும், 41ஆம் பக்கத்தில் வடக்கே இருக்கிற வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரும் கிடக்கின்றன. எதைப் போட்டால் தபால் சரியாக வந்து சேரும் என்று தெரியவில்லை. ஆனாலும் மறுசுழற்சியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்க, ஒரு முழுத் திட்டத்தையே மறுசுழற்சி செய்து காட்டியிருக்கிறீர்கள். 2030இல் அட்டையில் தேதியை மட்டும் மாற்றினால் 2035 வரை ஓடும். நீடித்த வளர்ச்சிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் பாளையங்கால்வாயின் கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ‘உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதி’ என்று என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். சால்வை, போட்டோ, டீ எல்லாம் ஆன பிறகு கருத்துப் படிவம் வந்தது. அதில் மூன்று கட்டங்கள்: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று. நான்காவது கட்டம் இல்லாத குறைக்குத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. நாக் தரமதிப்பீட்டுக் குழு வந்தால் வியூகத் திட்டம் எங்கே என்று கேட்கும். பல்கலைக்கழக மானியக் குழுவோ 2024இல் நிறுவன வளர்ச்சித் திட்டத்துக்கென்றே தனி வழிகாட்டி போட்டுவிட்டது. திட்டம் வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது, தாங்களும் திட்டம் கொடுத்துவிட்டீர்கள். இதில் ஆறு எங்கே வந்தது?

வந்திருக்கிறது, மூன்று இடத்தில். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். பலம்: ‘நீர்நிலைக்கு அருகிலான அமைவிடம்’. அச்சுறுத்தல்: ‘நீர்நிலையால் ஏற்படும் வெள்ளம்’. வாய்ப்பு: ‘வெள்ள மேலாண்மையில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு’. ஒரே ஆறு மூன்று கட்டத்தில் மூன்று வேலை பார்க்கிறது, ஆனால் அதன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அட்டையில் ஒரு ஏரிப் படம். பின்னால் பனி மூடிய மலை. பொதிகையில் பனி கொட்டிய செய்தி இதுவரை என் காதுக்கு எட்டவில்லை. தங்கள் ஆய்வில் தெரியவந்திருந்தால் தெரியப்படுத்தவும், கார் நெல்லுக்குப் பதில் ஆப்பிள் போட்டுப் பார்க்கிறேன்.

தாலமி என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் நூற்றாண்டு, எகிப்தில் அலெக்சாண்டிரியா. நம் பக்கம் வந்தவர் இல்லை. மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதைக் கேட்டு அவர் எழுதிய புத்தகத்துக்குத் தங்கள் துறைப் பெயரின் முதற்சொல்தான் தலைப்பு. அதில் கொற்கை இருக்கிறது. தாமிரபரணி என்று அறிஞர்கள் பெரும்பாலும் அடையாளம் காணும் ஆறும் இருக்கிறது. அத்தனை கடல் தாண்டி உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்த ஆறு, டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்திலிருக்கும் தாங்கள் எழுதிய திட்டத்தில் ‘நீர்நிலை’யாகிவிட்டது. அந்தக் கொற்கையும் இன்று துறைமுகமாக இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் சில மைல் தள்ளிப் போய்விட்டது. ஒரு துறைமுகத்தையே வயலாக்கிய ஆற்றைப் பற்றி ஒரு வரி எழுதாமல் 2030க்குள் உலகத் தரத்தை எட்டுவது என்றால் அது லேசான காரியம் இல்லை.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவை தங்கள் ஆய்வு மாணவர்களின் பெயர்கள் அல்ல, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள். கடைசியாகச் சொன்னது வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு மிக முந்தியவை. 11 கால்வாய், அவற்றில் தொங்கும் குளங்கள், 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். மேலே ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இதைக் கட்டியவர்கள் தொலைநோக்கு அறிக்கை எதுவும் விட்டுப் போகவில்லை. தங்கள் திட்டத்தில் செயல்திறன் குறியீடுகள் நாலு பக்கத்துக்கு அட்டவணையாக நிற்கின்றன. அவர்களுக்கு இருந்தது ஒரே குறியீடு: கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, இல்லையா?

எனக்கு எப்படி வருகிறது என்று கேட்டால் சொல்கிறேன். பழவூரில் பிரியும்போது தண்ணீர். மேலப்பாளையம், பாளையங்கோட்டை தாண்டும்போது சாக்கடை, பாலிதீன் பை, கோழி இறகு, மெத்தைப் பஞ்சு. என் வயலுக்கு வரும்போது மேலே அமலைச்செடி பச்சைப் பாய் விரித்திருக்கும், அடியில் கறுப்பாக ஏதோ நகரும். நாற்று நட இறங்கினால் சாயங்காலம் காலில் அரிப்பு. தங்கள் திட்டத்தின் அட்டையில் வட்டமாகப் பதினேழு வண்ணத்தில் ஐ.நா. இலக்குகளைப் போட்டிருக்கிறீர்கள். ஆறாவது இலக்கு சுத்தமான தண்ணீர். அதற்கு எதிரே தாங்கள் எழுதியிருக்கும் நடவடிக்கை: ‘சர்வதேசக் கருத்தரங்கு – 2’. இரண்டையும் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றையாவது மேலப்பாளையம் பாலத்தில் வையுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது ஒருவர் வாய் திறப்பார்.

2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர், ஆற்றில் எங்கெங்கே கழிவுநீர் கலக்கிறது என்று நெல்லைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சட்டம் படித்தவர்கள் களஆய்வு செய்கிறார்கள். களஆய்வு படிப்பவர்களுக்கு வெபினார் நடக்கிறது. இந்தப் பாட மாற்றம் எந்தக் கல்விக் குழுவில் தீர்மானமானது என்று அறிய ஆவல்.

பணம் இல்லை, கருவி இல்லை என்பீர்கள். ட்ரோனுக்கும் குளிரூட்டிய ஜிஐஎஸ் கூடத்துக்கும் கேட்டிருக்கும் தொகையைப் பார்த்தேன், கிடைக்கட்டும். ஆனால் கில்பர்ட் ஸ்லேட்டர் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருளியல் பேராசிரியர் இருந்தார். 1916இல் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குத்தானே போகிறீர்கள், உங்கள் ஊரில் நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கிணறு எத்தனை என்று எழுதிவாருங்கள் என்று அனுப்பினார். 1918இல் புத்தகமாக வந்தது. அந்த ஊர்களில் ஒன்று நம் கங்கைகொண்டான். 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், 1980களில் மீண்டும் போனார்கள். ஒரே கிராமத்துக்கு இத்தனை நீண்ட பதிவு இருப்பது இந்தியாவிலேயே அபூர்வம். இப்போது அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, குளிர்பான ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர் போவதா என்று வழக்கும் நடந்து முடிந்தது. இன்னொரு முறை போக வேண்டிய வேளை இது. தங்கள் திட்டத்திலும் கங்கைகொண்டான் வருகிறது, ‘தொழிற்சாலைச் சுற்றுலா’ என்ற தலைப்பில்.

பேரிடர் அத்தியாயத்துக்கு வருகிறேன். ஜப்பான் சுனாமி உண்டு, அமெரிக்கப் புயல் உண்டு. 2023 டிசம்பர் 17, 18இல் நம் பக்கம் வந்த வெள்ளம் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவில் நின்றது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. குறுக்குத்துறை முருகன் மட்டும் வழக்கப்படி நடந்துகொண்டார். ஆற்றுக்குள்ளேயே கோயில், வெள்ளத்தைக் கிழிக்கப் படகு முகப்பு மாதிரி சுவர். தண்ணீர் ஏறினால் உற்சவரும் உண்டியலும் மேலக்கோயிலுக்குப் போய்விடும், வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பிவிடும். எந்த அளவு ஏறினால் எதைத் தூக்க வேண்டும் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அத்துபடி. தங்கள் திட்டப்படி வெள்ளம் வந்தால் முதலில் ‘ஒருங்கிணைப்புத் துணைக் குழு’ கூட வேண்டும். கூடுவதற்குள் உண்டியல் புன்னைக்காயலுக்குப் போயிருக்கும்.

எங்கள் ஊர் டீக்கடையில் காலையில் யாராவது, “அண்ணாச்சி, பாபநாசம் இன்னைக்கு எத்தனை அடி?” என்பார்கள். பேப்பரைப் பார்க்காமலே பதில் வரும். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழு நீர்மட்டம் அந்த பெஞ்சில் சின்னப் பையனுக்கும் தெரியும். பிசான நெல்லுக்குத் தண்ணீர் காணுமா என்று கணக்குப் போடுவார்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். தங்கள் துறையின் ‘மதிநுட்ப ஆலோசனைக் குழு’வில் காலியிடம் இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த பெஞ்சைப் பரிந்துரைக்கிறேன். பயணப்படி கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். பழவூரிலிருந்து கடைமடை வரை கால்வாய்க் கரையில் ஒரு வகுப்பு மாணவர்கள் நடக்கட்டும். எங்கே சாக்கடை விழுகிறது, எங்கே கரை காணாமல் போயிருக்கிறது, எந்த மடைக்குக் கதவு இல்லை என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். அடுத்த வருஷம் அடுத்த வகுப்பு அதே நோட்டோடு நடக்கட்டும். இதைத் திட்டத்தில் சேர்க்க எந்த அத்தியாயமும் தோது இல்லையென்றால் பின்னிணைப்பில் போடுங்கள். கடையில் கிடந்து எங்களுக்குப் பழக்கம்தான்.

ஒரு மழைமானி வைக்க என் மொட்டை மாடியைத் தருகிறேன், வாடகை வேண்டாம். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுக்க ஒரு மாணவரை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மழை பெய்யும் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதி,
பாளையங்கால்வாய் கடைமடை.