பின்னி நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டு

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. பெருமை பி.பி. வாடியாவுக்கும் திரு.வி.க.வுக்கும் செல்வபதி செட்டியாருக்கும் இராமானுஜலு நாயுடுவுக்கும் போகிறது, தகும். ஆனால் அவர்களுக்கு முன்பே, யாரும் கேட்காமல், அந்தச் சங்கத்துக்காகப் பாடுபட்டவர்களை மறந்துவிட்டோம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகத்தார்தாம் அவர்கள்.

ஆள் சேர்ப்பதுதான் எந்தச் சங்கத்துக்கும் கடினமான வேலை. அதை அவர்கள் முடித்தே வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். தறியை விட்டு வந்து, கைகழுவி, உட்கார இடம் தேடி, உண்டு, சங்கு ஊதுமுன் திரும்பியாக வேண்டும். சாதி வேறு, சேரி வேறு, தெரு வேறு என்று பிரிந்து கிடந்தவர்களுக்குப் பொதுவான ஒரு குறையை நாள் தவறாமல் வழங்கிய ஏற்பாடு அது. வாடியா பம்பாய்ப் பார்சி. அடையாறு பிரம்மஞான சபைக்காரர். ஒருநாளும் தறி ஓட்டியவரல்லர். அப்படிப்பட்டவர் பெரம்பூரில் பேச வந்தபோது, தொழிலாளர் எதற்காக ஒன்றுசேர வேண்டும் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாடத்தை ஆலை முன்பே நடத்திவிட்டிருந்தது.

இதைவிடப் பெரிய உதவி 1920இல் வந்தது. அந்த ஆண்டு ஆலையில் கதவடைப்பு செய்த நிர்வாகத்தார் அத்தோடு நிற்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்று வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட்டு, தடையாணையும் வாங்கினார்கள். தொழிலாளருக்காக ஒருவர் பேசினாலே சொத்தை இழக்க நேரிடும் என்பதை நாடு முழுவதும் அப்போதுதான் கண்டது. எத்தனை பொதுக்கூட்டம் போட்டிருந்தாலும் சங்கத்துக்குச் சட்டக் காப்பு தேவை என்பதை இவ்வளவு தெளிவாக நிறுவியிருக்க முடியாது. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகிய பிறகே வழக்கு ஓய்ந்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

அதே ஆண்டு நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றி மட்டும் எனக்குப் பாராட்ட வாய் வரவில்லை. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளரும் வெளியே நின்றவர்களும் மோதினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. ஒன்றாகப் பசித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்த அந்த மாதங்களில், ஆலையின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தொழிற்சங்கச் சட்டம் 1926இல் நிறைவேறியது. தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ சிவில் வழக்குத் தொடர முடியாது என்றது அதன் 18ஆம் பிரிவு. வாடியா மீது சுமத்திய குற்றச்சாட்டு எதுவோ, அதையேதான் அந்தப் பிரிவு அடைத்தது. பின்வந்த பல தலைமுறைச் சங்கச் செயலாளர்கள் வீட்டை ஜப்திக்குக் கொடுக்காமல் ஆலை வாசலில் நின்று பேசினார்கள். அந்தக் காப்பை வாங்கித் தந்ததில் பின்னி நிர்வாகத்தாரின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.