எட்டு பார் அண்ணன்

ஹோம் ஸ்டுடியோ அண்ணனை அடையாளம் காண அவர் போட்ட பாட்டைக் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் முடியாது. பாட்டு இன்னும் முடியவில்லை. முதலில் கம்ப்யூட்டர் முடியட்டும், பிறகு பாட்டு என்று அவர் முடிவெடுத்துப் பல வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் என்றைக்காவது முடிந்து பார்த்திருக்கிறீர்களா?

காலேஜ் கல்ச்சுரல்ஸில் கீபோர்டு வாசித்தவர். இன்று ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் டீம் லீட். மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அதில் ஒன்று ஸ்டுடியோ. மாமியார் ஊரிலிருந்து வந்தால் அதுவே மாமியார் ரூம். சுவர் நெடுகக் கறுப்பு ஃபோம் ஒட்டியிருப்பார். அதற்கு முந்தைய காலத்தில் அதே சுவரில் முட்டை அட்டை. இரண்டுமே பக்கத்து வீட்டு மிக்ஸியை உள்ளே விடாமல் தடுக்காது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், கனத்த சுவர் வேண்டும். ஃபோம் அறைக்குள்ளேயே சுற்றும் எதிரொலியைத்தான் குறைக்கும். இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். ஒட்டிய பிறகு தெரிந்தது.

"பாட்டு எப்ப வருது?" என்று கேட்டால் அவர் முகத்தில் ஒரு வேதனை ஓடும். "மெஷின் கொஞ்சம் இழுக்குது தலைவா. அதை மட்டும் மாத்திட்டேன்னா முடிஞ்சிரும்."

மாற்றுவதற்கு ரிச்சி ஸ்ட்ரீட் போவார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேமிங்கா சார்?" என்பார்.

"இல்ல பாஸ், மியூசிக் புரொடக்‌ஷன்."

"அப்ப கேமிங்னே போட்டுக்கறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் கண்ணாடிக் கேபினெட், உள்ளே ஏழு வண்ணத்தில் சுழலும் ஃபேன்கள், கூடவே ஒரு முரட்டு கிராஃபிக்ஸ் கார்டு. பாட்டுப் போடும் சாஃப்ட்வேருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டால் பெரிய உபயோகம் எதுவும் இல்லை. திரையில் அலைக்கோட்டைக் காட்டுவதற்கு ப்ராசஸரோடு வருகிற கிராஃபிக்ஸே தாராளம். ஆனால் எட்டாவது படிக்கும் மகனுக்கு அந்தக் கார்டால் மிகுந்த உபயோகம் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரால் முழுத் திருப்தி அடைந்த ஒரே பயனாளி அவன்தான்.

கோவணத்தை எலியிடமிருந்து காப்பாற்றப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, கடைசியில் சம்சாரியாகிப் போன சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். அண்ணனின் கணக்கும் அதே வரிசைதான். ப்ராசஸரை மட்டும் மாற்றலாம் என்று ஆரம்பிப்பார். புது ப்ராசஸர் பழைய மதர்போர்டின் சாக்கெட்டில் உட்காராது. புது மதர்போர்டு டிடிஆர் 5 கேட்கும். கையில் இருக்கும் டிடிஆர் 4 ராம் அதில் நுழையவே நுழையாது. புது ப்ராசஸரின் சூட்டுக்குப் பழைய கூலர் போதாது. எல்லாம் சேர்ந்து இழுக்கும் கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை போதாது. பாக்கி இருப்பது பழைய கேபினெட் ஒன்றுதான். புது கூலர் உயரமாக இருப்பதால் அந்தக் கேபினெட்டின் கதவும் மூடாது.

லேட்டன்சி என்கிற ஒலித் தாமதத்தைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உட்கார வைத்துவிடுவார். ஆனால் அவர் சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும், அதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் ஒலியை விநாடிக்கு 44,100 துணுக்குகளாக நறுக்குகிறது. அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துத்தான் வேலை பார்க்கும். அந்தக் கொத்துக்குப் பெயர் பஃபர். 1,024 துணுக்கு சேர்ந்தால்தான் ஆச்சு என்று வைத்தால் அதற்கே சுமார் 23 மில்லி செகண்ட் போய்விடும். கட்டையை அழுத்திய பிறகு சத்தம் பின்தங்கி வருவது விரலுக்குத் தெரியும். 128 என்று வைத்தால் சுமார் 3 மில்லி செகண்ட், தெரியாது. ஆக, வாசிக்கும்போது பஃபரைக் குறைத்துக்கொள், மிக்ஸிங் பண்ணும்போது கூட்டிக்கொள். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது.

அண்ணன் 128இல் நிற்க மாட்டார். 64 போவார். அங்கிருந்து 32. மெஷின் திணறி, ஸ்பீக்கரில் பொரியல் தாளிக்கிற சத்தம் கேட்கும். உடனே ப்ராசஸர் போதவில்லை என்று தீர்ப்பெழுதி மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இத்தனைக்கும் ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். கச்சேரி மேடையில் பாடகருக்கு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மிருதங்க வித்வானுக்குப் பாட்டு கிட்டத்தட்ட 6 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. எந்த வித்வானும் இதைச் சொல்லி ப்ராசஸர் கேட்டதாகத் தகவல் இல்லை.

ஒருநாள் எல்லாம் கூடிவந்து ரெக்கார்டிங் ஆரம்பிக்கும். அது பெரும்பாலும் மே மாதமாக இருக்கும். கண்டென்சர் மைக் என்பது ஒட்டுக்கேட்கவே பிறந்த சாமான். ஏழு வண்ண ஃபேன்கள் விமானம் மாதிரி இரைவது முதலில் அதில்தான் பதிவாகும். சீலிங் ஃபேனை நிறுத்துவார். ஏ.சி.யை நிறுத்துவார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, வேர்வை சொட்டச் சொட்ட மூச்சைப் பிடித்து நிற்பார். கீழே கீரைக்காரம்மா வருவார். அவர் போனதும் எதிர் ஃபிளாட் குக்கர். அது அடங்கியதும் காக்கா. எல்லாமே ஓய்ந்த அபூர்வ விநாடியில் ஹெட்ஃபோனில் ம்ம்ம்ம் என்று ஒரு முனகல் கேட்கும்: வீட்டு எர்த்திங் சரியில்லை. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டின் அடிக்கட்டைகளில் ஒரு 'ஜி' 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்டுடியோவில் கொஞ்சமும் அறுபடாமல் ஒலித்த ஒரே ஸ்வரம் அதுதான்.

அவர் ஹார்டு டிஸ்கில் முழு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா குடியிருக்கிறது. வயலின் மட்டும் நூற்றுச் சொச்சம் ஜிபி. அதை வைத்து அவர் போட்டது எட்டு பார், அதாவது எட்டே எட்டு தாளக் கட்டம். அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர். புது ராம் வந்தாலும் அதை ஓட்டிப் பார்ப்பார், புது கேபிள் வந்தாலும் அதையே ஓட்டிப் பார்ப்பார். அண்ணி ஒருமுறை சொன்னார்: "அந்த எட்டு பாருக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு தெரியாமலே என் காலம் போயிரும்போல இருக்குங்க." வீட்டில் வேலை செய்கிற அக்கா பாத்திரம் தேய்க்கும்போது அதை முணுமுணுப்பதாகவும், எட்டாவது பாரோடு அவரும் நிறுத்திவிடுவதாகவும் கேள்வி.

குறை சொன்னால் அண்ணன் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருக்கிறார். "ரகுமானும் வீட்லதானே ஆரம்பிச்சார்?" உண்மைதான். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஸ்டுடியோவைப் போட்டார், 1992இல் 'ரோஜா'. ஆனால் ஸ்டுடியோ போடுவதற்கு முன்பே சின்ன வயதிலிருந்து பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர் அவர். இந்தப் பாதியை அண்ணன் எப்போதும் பஃபரிலேயே விட்டுவிடுவார்.

1985இல் வந்த அட்டாரி எஸ்.டி. என்ற கம்ப்யூட்டரைப் பற்றியும் அவருக்குத் தெரியும். கீபோர்டுகளை இணைக்கிற மிடி கேபிள் சொருகும் துளை கூடவே வந்ததால் இசைக்காரர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஆரம்ப மாடல்களில் பெரியதன் மெமரியே ஒரு எம்பி. இன்று போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பெரிசு. குரலையெல்லாம் அது பதியாது, கீபோர்டுகளை மேய்க்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே ஆல்பம் ஆல்பமாகப் போட்டார்கள். இதையெல்லாம் அண்ணன் உணர்ச்சி பொங்கச் சொல்லி முடித்துவிட்டு, "இருந்தாலும் எனக்கு 64 ஜிபி இல்லாம முடியாது" என்பார்.

சரி, அவரை முழுதாகக் கைகழுவிவிடவும் முடியாது. எங்கள் பகுதியில் கானா, ராப் என்று பாட்டுப் போடுகிற பையன்கள் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தந்தது இவர்தான். பையன் வந்து "அண்ணே, பட்ஜெட் கம்மி" என்று தலையைச் சொறிந்தால் அண்ணன் ஆளே மாறிவிடுவார். "கிராஃபிக்ஸ் கார்டு வேணாம்டா. 16 ஜிபி போட்டு ஆரம்பி, ரெண்டு ஸ்லாட் காலியா விடு, அப்புறம் ஏத்திக்கலாம். ஹார்டு டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா இருக்கட்டும். லைட் எரியற ஃபேன் வேணாம், பெரிய ஃபேன் வாங்கு, மெதுவா சுத்தினா சத்தம் வராது. ரெண்டு மைக் சொருகற இன்டர்ஃபேஸ் ஒண்ணு, காதை மூடற ஹெட்ஃபோன் ஒண்ணு. மிச்சக் காசை வீட்ல குடு." இதைவிட நேர்மையான ஆலோசனை எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்தப் பையன் மூன்றாவது மாதம் பாட்டை வெளியிட்டுவிட்டு, இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுவான். அண்ணன் ஆசீர்வாதம் செய்துவிட்டு, "மிக்ஸ்ல பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பார்.

ஆகவே, வீட்டில் பாட்டுப் போடக் கம்ப்யூட்டர் வாங்கும் யோசனை இருந்தால் உங்கள் ஏரியா அண்ணனைத் தேடிப் பிடியுங்கள். அவர் வாங்கச் சொல்வதை வாங்குங்கள். அவர் வாங்கியிருப்பதை வாங்காதீர்கள்.